அத்தான் பார்த்து எடுத்த சாமான்

லாங்கன்தால்
9.1.1983

அன்பு மிகுந்த ஞானம் அக்காவுக்கு,

தம்பி தில்லைநாதன் எழுதிக்கொள்வது. நல்லூரான் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த விறைப்பைத் தவிர. நீங்களும் அத்தானும் என் மருமகள் சிவகலாவும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் எழுதத் தொடங்குகிறேன்.

அரசாங்க அலுவலாக அத்தான் சுவிசுக்கு வருகிறார் என்று நீங்கள் எழுதியதை என் அறைக்காரன் வரதராசாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் உரும்பிராய்ப் பெடியன். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும் எண்டு சும்மாவோ சொன்னவை" என்று பெருமூச்சு விட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறோம். எங்கள் குடும்பத்தில் ஒருவர் கோட்டும் சூட்டுமாக விமானத்தில் வந்து இறங்குகிறார் என்றால் அது எனக்கும் மரியாதைதானே.

போன தடவை ஜெர்மனியில் தண்ணீர்ப் பம்பு வாங்கினார். இந்த முறையும் பம்புதானா, அல்லது உழவு யந்திரமா? எதுவானாலும் எங்கள் அத்தான் சச்சிதானந்தன் எஞ்சினியர் சரி என்றால்தான் அரசாங்கம் வாங்கும் என்று இங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிகிறேன். ஒருநாள் என்னிடம் சாப்பிட வரச் சொல்லுங்கள். மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்துவிட்டால் போதும். இங்கே விற்கும் தூளில் நிறம் மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் பாசமுள்ள தம்பி,
தில்லை


வெள்ளவத்தை
24.1.1983

அன்புத் தம்பி தில்லைக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். நீ காதை மூடித் தொப்பி போடுகிறாயா? உனக்குச் சின்ன வயதிலேயே காதுக்குத்து வரும்.

மிளகாய்த்தூள் இடித்துவிட்டேன். புழுக்கொடியலும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். சிவகலா தன் வகுப்பில் மூன்றாம் பிள்ளையாக வந்திருக்கிறாள். வீணை வகுப்புக்கும் போகிறாள். பக்கத்து வீட்டுச் சோமா அக்கா முருங்கைக்காய் கொண்டுவந்து தந்தா.

என்ன வாங்க வருகிறார் என்று கேட்டிருந்தாய். கந்தோர் அலுவல் எனக்கு என்ன விளங்கும். அவரை இப்போது வேறு பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். உனக்கு ஜெர்மன்காரரின் டொச் பாசை பேச வரும் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். எங்கேயாவது கூட வரச் சொன்னால் மறுக்காமல் போ. அவர் வந்து போனதை உன் கூட்டாளிமாரிடம் விளம்பரப்படுத்த வேண்டாம். அவர் சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதே, உறைப்பைக் கொஞ்சம் குறை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
ஞானேஸ்வரி


லாங்கன்தால்
16.2.1983

அன்புள்ள அக்கா,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம். ஆனால் இரண்டு நாளாக எதைத் தின்றாலும் வயிற்றில் நிற்கவில்லை. நீங்கள் மூவரும் சுகமாக இருக்கவேண்டும்.

அத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஹோட்டல்காரி பிராவ் கெர்பர் பெரிய மனது பண்ணிக் குசினியை எனக்கு விட்டுத் தந்தா. ஆட்டிறைச்சிக் கறியும் பருப்பும் வைத்தேன். "சமைக்கப் பழகிவிட்டீர்" என்று சொல்லி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

கை கழுவிய பிறகு, "நாளைக்கு உமக்கு லீவோ? ஒரு இடத்துக்கு வாரும்" என்றார். "விக்கிறவன் இங்கிலீசில பொய் சொல்லுவான். செய்யிறவனிட்டைக் கேட்டால்தான் உண்மை வரும். அவனுக்கு டொச் மட்டும்தான்."

வரதராசாவின் கோட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். ரயிலை விட்டு இறங்கிக் காட்டோரமாக நடந்தோம். ஆசுபத்திரியைப் போலத் துடைத்து வைத்த தொழிற்சாலை. புரூனர் என்று ஒரு வயதானவர், சாம்பல் நிற மேலங்கி போட்டவர், முதலில் கோப்பி தந்தார். இவ்வளவு மரியாதையாக இந்த நாட்டில் எனக்கு ஒருவரும் கோப்பி ஊற்றித் தந்ததில்லை. பிறகு உள்ளே கூட்டிப்போனார். மேசையில் பச்சைத் துணி விரித்திருந்தது. அதன் மேல் துவக்குகள்.

நான் இன்னும் பம்பைத் தேடிக்கொண்டு நின்றேன், அக்கா. அவ்வளவு மடையன் நான்.

அத்தான் கோட்டைக் கழற்றிச் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எவ்வளவு சுட்டால் குழல் சூடேறும், எந்தச் சுருள்வில் முதலில் தேயும் என்று என்னைக் கொண்டு கேட்டார். எனக்கு அந்தச் சொற்களுக்கெல்லாம் டொச் தெரியாது, கையால் காட்டிக் கேட்டேன். எதிரி நாட்டுக்கு எதிராக இருக்கும், எல்லா அரசாங்கமும் வாங்குவதுதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதன் பிறகு அத்தான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தில்லை, இதை வடிவாக் கேளும். செம்மண் தூசி உள்ளுக்குப் போனால் இறுகுமோ? சிவப்புத் தூசி, மா மாதிரி இருக்கும். மாரியில பிசுபிசுவெண்டு ஒட்டும். அதோட உப்புக் காத்தும் இருக்கு."

அக்கா, செம்மண்ணும் உப்புக் காற்றும் சேர்ந்த இடம் எது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அத்தான் பிறந்த சுன்னாகத்து மண். அவருடைய அப்பு வெங்காயம் வைத்த மண். அந்த மண்ணில் இறுகாமல் சுடுமா என்று அந்த மண்ணில் பிறந்தவர் கேட்கிறார்.

நான் அதையும் டொச்சில் கேட்டேன். அத்தான் சொன்னதற்கு 'ஓம் அத்தான்' என்பதைத் தவிர வேறு எதுவும் என் வாயில் வந்து பழக்கமில்லை. வெள்ளைக்காரனுக்கு முன்னால் அத்தானை எதிர்த்துக் கதைத்தால் குடும்பத்துக்கு என்ன மரியாதை என்று அந்த நேரத்திலும் யோசித்திருக்கிறேன். தூ.

புரூனர் நல்ல மனுசன். ஒரு செங்கல்லை இடித்துச் சலித்து, அந்தத் தூளைத் துவக்குக்குள் கொட்டிக் குலுக்கினார். சுட்டுக் காட்டினார். இறுகவில்லை. அத்தானின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சிவகலா பிறந்த அன்று ஆசுபத்திரி வாசலில் பார்த்த அதே சிரிப்பு. திரும்பி வரும்போது ஸ்டேசன் கழிவறையில் நான் வாந்தி எடுத்தேன். உறைப்பைக் கூடப் போட்டுவிட்டீரோ என்று அத்தான் கேட்டார்.

அவர் இன்னும் முடிவு எழுதிக் கொடுக்கவில்லை. கொழும்பு போய்த்தான் கொடுப்பாராம். அவர் 'இது சரிவராது' என்றால் வாங்கமாட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை அவர் மேல். அந்த ஒரு சொல்லை நீங்கள் அவரிடம் வாங்கவேண்டும். நான் கேட்க முடியாது. நீங்கள் பெண்சாதி, நீங்கள் கேட்கலாம்.

உங்கள் தம்பி,
தில்லை


வெள்ளவத்தை
14.3.1983

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வயிற்றுக் கோளாறு சுகமாகிவிட்டதா? மல்லியும் சீரகமும் அவித்துக் குடி.

இங்கே வெயில் கொளுத்துகிறது. சிவகலாவுக்கு அம்மாள் வருத்தம் வந்து தலைக்குத் தண்ணீர் வார்த்தாயிற்று. முகத்தில் வடு இல்லை, அம்மாளாச்சி காப்பாற்றினா. நீ வைத்த இறைச்சிக் கறியைப் பற்றி அத்தான் எல்லோருக்கும் சொல்லுகிறார். அவர் கொண்டுவந்த சொக்கிளேற்றைச் சிவகலா ஒருவருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்திருக்கிறாள். சோமா அக்காவின் மகனுக்கு மட்டும் ஒரு துண்டு கொடுத்தாளாம்.

நீ குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கு. கடிதங்களை இப்போது உடைத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்வி. ஊர்ப்புதினம் மட்டும் எழுது.

அக்கா
ஞானேஸ்வரி


லாங்கன்தால்
27.3.1983

அக்காவுக்கு,

சுகம். மருமகளுக்கு வருத்தம் மாறியது அறிந்து நிம்மதி.

சொக்கிளேற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மழை, வெயில், சப்பாத்து எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதை நீங்கள் வாசிக்கவில்லையா, அல்லது வாசித்ததைச் சீரகத்தோடு சேர்த்து அவித்துவிட்டீர்களா?

வரதராசாவின் தமையனை ஆமி பிடித்துக்கொண்டு போய் ஒரு மாதமாகிறது. எங்கே என்று தெரியாது. வரதராசா என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்து, "உன்ரை அத்தான் பெரிய இடத்தில இருக்கிறவர்தானே, விசாரிச்சுச் சொல்லுவாரோ?" என்று கேட்கிறான். அவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போனேன் என்று அவனுக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்கும்போது கழுவித்தான் கொடுத்தேன். அவன் அதைப் போடும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

உடைத்துப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கேட்டீர்களா, இல்லையா?

தில்லை


வெள்ளவத்தை
2.5.1983

தம்பி தில்லைக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு.

கேட்டேன். போதுமா? சோறு போட்டுவிட்டுக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆறுதலாகச் சொன்னார். "நான் வேண்டாமெண்டால் அடுத்தவன் ஓமெண்டுவான். அவன் கொமிசன் வாங்கிக்கொண்டு குப்பையை வாங்குவான். நான் எடுத்தால் நல்ல சாமானா எடுப்பன். என்ரை தொழில் அதுதான், ஞானம்."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? சிங்களச் சோதினை பாஸ் பண்ணவில்லை என்று எத்தனை வருடம் அவருடைய பதவி உயர்வை நிறுத்தி வைத்திருந்தார்கள், உனக்குத் தெரியும். அவருக்குக் கீழே வேலை பழகியவன் அவருக்கு மேலே போய் இருந்தான். அந்த அவமானத்தோடு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். இப்போது அந்தச் சோதினை தேவையில்லை என்று கடிதம் வந்துவிட்டது. பிரதம எஞ்சினியர் ஆக்கிவிட்டார்கள். சிவகலாவின் தகப்பன் தலை நிமிர்ந்து நடக்கிறார்.

அவர் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சாமான் கப்பல் ஏறிவிட்டதாம். முடிந்த காரியம்.

நீ நாட்டை விட்டு ஓடிப்போய் வெள்ளைக்காரனின் எச்சில் கோப்பை கழுவுகிறாய். நாங்கள் இங்கே சிங்களவருக்கு நடுவில் இருந்து சீவிக்க வேண்டும். எங்களுக்குப் புத்தி சொல்ல வராதே.

அக்கா


லாங்கன்தால்
29.5.1983

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. ஆனாலும் பழக்க தோசம், மூவரும் சுகமா?

ஓம், எச்சில் கோப்பைதான் கழுவுகிறேன். வேலை முடிந்து சவர்க்காரம் போட்டால் கை சுத்தமாகிவிடும். அத்தானின் கைக்கு எந்தச் சவர்க்காரம் போடுவீர்கள்? என் நாக்குக்கும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

வரதராசாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியைக் கட்டிக்கொண்டு ரெனான் என்ற ஊரில் உள்ள ஒரு தெரிந்தவரிடம் போய்விட்டான். கோட்டை எனக்கே விட்டுவிட்டுப் போனான்.

இனி நான் எழுதமாட்டேன். மருமகளுக்கு மாமாவின் முத்தம்.

தில்லைநாதன்


லாங்கன்தால்
2.8.1983

என் அக்காவுக்கு,

வெள்ளவத்தை விலாசத்துக்கும், கொக்குவிலில் சின்னம்மா வீட்டுக்கும் ஒரே கடிதத்தை இரண்டாக எழுதிப் போடுகிறேன். எது உங்கள் கைக்குக் கிடைக்குமோ தெரியாது.

இங்கே டெலிவிசனில் கொழும்பு எரிவதைக் காட்டுகிறார்கள். பிராவ் கெர்பர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக் காட்டினா. எங்கள் தெருவைப் போல ஒரு தெரு வந்தது. எல்லாத் தெருவும் எங்கள் தெருவைப் போலத்தான் இருந்தது. போன் எடுத்தால் லைன் இல்லை. தந்திக்குப் பதிலில்லை.

நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வரி போடுங்கள். பிள்ளை எங்கே? அத்தான் எங்கே?

தம்பி


கொக்குவில்
4.9.1983

என் அன்புத் தம்பிக்கு,

நானும் சிவகலாவும் உயிரோடு சின்னம்மா வீட்டில் இருக்கிறோம். நீ சாப்பிடாமல் கிடக்காதே.

வீடு எரிந்துவிட்டது. வீணையும் போயிற்று. தமிழரைத் தேடிக் கூட்டம் வரும்போது சோமா அக்கா எங்களைத் தன் குளியலறையில் விட்டுப் பூட்டிவிட்டு, வாசலில் நின்று இங்கே தமிழர் இல்லை என்று சத்தியம் பண்ணினா. பொய்ச் சத்தியம் பண்ணியதற்காகப் பிறகு விகாரைக்குப் பூக் கொண்டுபோனாவாம். அவவை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. மற்றதை நினைத்தால் அழுகை வரவில்லை, ஓங்காளம்தான் வருகிறது. அதை உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதம்.

எங்களை ஒரு பள்ளிக்கூட முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். அத்தான் வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு வந்திருந்தார். வாசலில் காவலுக்கு ஆமி. காவல் எங்களுக்கா, எங்களிடமிருந்தா என்று தெரியவில்லை. பாண் கொடுக்கும் நேரத்தில் சனம் முண்டியடித்தது. ஒரு ஆமிக்காரன் துவக்கு முனையால் குத்திக் குத்தி வரிசைப்படுத்திக்கொண்டு வந்தான். சிவகலாவின் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். பிள்ளை பயத்தில் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டாள்.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, தம்பி. துவக்கைப் பார்த்தார். குனிந்து என் காதுக்குள் சொன்னார்: "ஞானம், இது நான் எடுத்த சாமான். எண்ணெய் விடாமல் வைச்சிருக்கிறான், மடையன்."

இவ்வளவுதான். அவர் கெட்டவர் இல்லை. யாரிடமும் ஒரு சதம் வாங்கியவர் இல்லை. வேலையில் பிழை விடாத மனுசன் என்று ஊரே சொல்லும். அந்த மனுசனோடு பன்னிரண்டு வருடம் ஒரே பாயில் படுத்தேன் என்பதை நினைக்க எனக்கு உடம்பைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

மூன்றாம் நாள் கந்தோர் ஜீப் அவரைத் தேடி வந்தது. அந்த யந்திரங்களைத் தெரிந்தவர் வேறு ஆளில்லையாம். என்னையும் ஏறச் சொன்னார். புது வீடு தருவார்களாம். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தேன். அவரோடு இனி இல்லை.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். என்ன வாங்கப் போகிறார் என்று ஜனவரியிலேயே எனக்குச் சொன்னவர். கந்தோர் அலுவல் விளங்காது என்று உனக்கு நான் எழுதியது பொய். பதவி உயர்வு வரட்டும் என்றுதான் உன்னைக் கூடப் போகச் சொன்னேன். நீ வாந்தி எடுத்தாய் என்று வாசித்தபோது உன்மேல் எரிச்சல்தான் வந்தது. வரதராசாவின் விலாசம் இருந்தால் அனுப்பு, அவனுக்கும் எழுதவேண்டும். அவனுடைய தாயைப் போய்ப் பார்க்கிறேன். அவ இங்கே இரண்டு தெரு தள்ளித்தான் வந்து இருக்கிறா.

உன் அக்கா


கொழும்பு
26.9.1983

அன்புள்ள மைத்துனர் தில்லைநாதனுக்கு,

சச்சிதானந்தன் எழுதுவது. நான் நலம். நீரும் நலமாக இருப்பீர் என நம்புகிறேன். நேரே எழுதும் வழக்கம் நமக்குள் இல்லை. ஞானம் கோபமாக இருப்பதால் எழுத வேண்டியதாயிற்று. ஆத்திரம் ஆறினால் திரும்பி வருவா. பிள்ளைக்கு இங்கே நல்ல பள்ளிக்கூடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் கடைசியில் மறுபடியும் வருகிறேன். சாமான் பொதுவில் திறம், தூசியில் ஒரு குறையும் இல்லை. மழை ஈரத்தில் மட்டும் உள்வில் துருப்பிடிக்கிறது. வடக்கில் மாரி தொடங்குவதற்குள் திருத்தவேண்டும். வில்லுக்கு என்ன பூச்சுப் பூசலாம் என்று புரூனரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் பெரிய உதவியாக இருக்கும். விற்பனைப் பகுதியாரிடம் கேட்க வேண்டாம்.

உமது கைச்சமையலை மறக்கவில்லை. உடல்நலத்தைப் பேணவும்.

அன்புடன்,
ச. சச்சிதானந்தன்
பிரதம எஞ்சினியர்


லாங்கன்தால்
9.10.1983

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. லீவு எடுத்துக்கொண்டு புரூனரிடம் போனேன். முன்போலவே கோப்பி தந்தார்.

பூச்சைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று அவர் இடித்துக் கொட்டிய செங்கல் தூள் எந்த ஊர் மண்ணுக்காக என்று சொன்னேன். கேட்ட நீங்கள் அந்த ஊர், அதை டொச்சில் சொன்ன நானும் அந்த ஊர் என்று சொன்னேன். முகாமில் சிவகலாவின் நெஞ்சில் எது பட்டது என்பதையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த டொச் அவ்வளவையும் கொட்டிச் சொன்னேன். இனி இதைச் செய்து கொடுக்க வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளைக்காக வருத்தப்படுகிறேன் என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "நான் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்வார். நான் செய்தால் நன்றாகச் செய்வேன்" என்றார். நான் கோப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகையால் ஒக்டோபரில் என்னைத் தேட வேண்டாம். நீங்களும் அவரும் பேசிக்கொள்ள நடுவில் ஒருவன் தேவையில்லை.

இப்படிக்கு,
ஞானேஸ்வரியின் தம்பி